மதுரையில் நடக்கும் சூப்பர் ஹீரோ ஆட்டத்துக்கு மாந்திரீக வில்லன் கூட்டம் ஒன்று வேண்டும், கோடாங்கி வேண்டாம்

விளாங்குடிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எட்டு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து நண்பர்களுக்கு மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்னும் சூப்பர் ஹீரோ ஆட்ட நூலின் மூன்றாம் பதிப்பைக் கொண்டு ஒரு தொடர் ஆட்டம் நடத்திவருகிறேன். கதையை நான் சொல்ல, நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டி ஆடுவார்கள். கதை நடக்கும் ஊர் மதுரையேதான். மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்து நடத்துநராக இருக்கும் ஒரு பாத்திரத்துக்கு இரும்பு கட்டுப்படும். செல்லூரில் தறி ஓட்டும் இன்னொரு பாத்திரம் ஒளியை நூலாகத் திரிக்கும். இதுவரை வந்த வில்லன்கள் எல்லாரும் விஞ்ஞானிகளும் கொள்ளைக்காரர்களுமாகவே இருந்ததால், ஒரு மாறுதலுக்காக மாந்திரீகக் கூட்டம் ஒன்றைக் கொண்டுவரலாம் என்று நினைத்தேன்.

அழகர் மலைக் குகை ஒன்றில் கூடும் இரகசியக் கூட்டமாக அதை அமைத்தேன். தலைவனுக்குச் சடாமுடி, சிவப்பு வேட்டி, கையில் உடுக்கை. ஆட்டு இரத்தத்தின் முன்னால் உட்கார்ந்து குறி சொல்வான். விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசியில் உடுக்கைச் சத்தத்தையும் ஓடவிட்டேன். நன்றாக அமைந்துவிட்டது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, எட்டு மாதங்களாக ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த நண்பன் ஒருவன் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காலையில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். மறுநாள் தொலைபேசியில் கேட்டபோது, "எங்க ஐயா அப்படித்தாண்டா இருப்பாரு" என்று ஒரு வரி மட்டும் சொன்னான். அவனுடைய தாத்தா ஊரில் கோடாங்கி என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்தக் கூட்டத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது என் கேள்வி இரண்டு. அச்சில் வந்த சூப்பர் ஹீரோ ஆட்டங்களில் இத்தகைய அமைப்புகளை எப்படிக் கட்டியிருக்கிறார்கள், அவற்றில் நான் எடுத்துக்கொள்ளக்கூடியது என்ன? அப்படி எடுத்துக்கொண்டாலும், நம் மக்களின் வழிபாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் அதை மதுரையின் கூட்டமாக ஆக்குவது எப்படி?

பகடைச்சித்தன் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். இரண்டாவதை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

1977இல் வந்த சூப்பர் ஹீரோ 2044தான் இந்த வகையில் அச்சில் வந்த முதல் ஆட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாந்திரீக அமைப்பு என்று நீங்கள் கேட்பதற்கு இலக்கணம் போல அமைந்தது 1981இல் வெளியான சாம்பியன்ஸ் ஆட்டத்தின் உலகத்தில் உள்ள டீமன் என்னும் கூட்டம். அதன் ஒவ்வொரு கிளையையும் டீமன்ஹேம் என்று அழைப்பார்கள். கிளைக்கு ஒரு மோர்பேன் தலைவனாக இருப்பான். எல்லாக் கிளைகளுக்கும் மேலே உள்வட்டம் ஒன்று இருக்கும். கீழே இருப்பவன் தனக்குச் செல்வமும் மந்திர வலிமையும் கிடைக்கும் என்று நம்பி வேலை செய்கிறான். ஆனால் உள்வட்டமோ, ஈதோமின் அரசர்கள் என்னும் உலகத்துக்கு அப்பாற்பட்ட சக்திகளை விடுவிப்பதற்காகவே அத்தனை பேரையும் பயன்படுத்துகிறது. அந்த விடுதலை நடந்துவிட்டால் கீழே இருப்பவன் அனுபவிப்பதற்கு உலகம் என்று ஒன்று மிஞ்சாது. தலைமை எந்த நோக்கத்துக்காக நடத்துகிறதோ, அந்த நோக்கம் தெரிந்தால் பாதி உறுப்பினர்கள் ஓடிவிடுவார்கள் என்னும் இந்த அமைப்புதான் நீங்கள் கடன் வாங்க வேண்டிய பொருள். உடுக்கையோ உடையோ அல்ல. மோர்பேன் ஒருவனைப் பிடித்து உட்காரவைத்து உண்மையைச் சொன்னால் அவன் கட்சி மாறக்கூடும் என்பதால், ஆட்டக்காரர்களுக்கு அடிதடியைத் தவிர வேறு வழியும் திறக்கிறது.

உங்கள் ஆட்டத்தைச் சேர்ந்த ஃப்ரீடம் சிட்டி என்னும் கற்பனை நகரத் தொகுப்பு 2003இல் வந்தது. அதில் ஷேடோ என்னும் அமைப்பின் தலைவன் ஓவர்ஷேடோ, பழைய எகிப்திய மந்திரவாதி ஒருவனின் மறுபிறவி. ஆனால் அவனுடைய கூட்டம் நடைமுறையில் ஒரு படை. ஒரே முகம் கொண்ட வீரர்களை ஆலையில் செய்வதுபோல் செய்து அனுப்புகிறார்கள். மாந்திரீகம் அங்கே தலைவனின் வரலாற்றில் மட்டும் தங்கிவிட்டது என்பது என் கருத்து; மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சண்டைக்கு வரலாம்.

சாம்பியன்ஸிலிருந்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாத்திரத்தை ஓர் அமைப்பு வேட்டையாடுகிறது என்பதை அந்த ஆட்டம் எண்ணாகவே எழுதிவைக்கும். அமர்வின் தொடக்கத்தில் மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி 8 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் அந்த அமைப்பு அன்றைக்குத் தலையிடும் என்றால், அது ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒரு முறை நடக்கும். வரம்பை 11 ஆக்கினால் 62.5 சதவீதம், 14 ஆக்கினால் 90 சதவீதத்துக்கும் மேல். மாந்திரீகக் கூட்டத்துக்கு 8 போதும். வாரம் தவறாமல் வந்து நிற்கும் இரகசியக் கூட்டத்தில் இரகசியம் என்று எதுவும் இருக்காது.

உசிலை வாசகி எழுதியது:

இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் நண்பர் எழுந்து போனது வெறும் மன வருத்தம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காளியின் பெயரால் கொலை செய்யும் பரம்பரைக் கூட்டம் என்னும் படிமம் ஆங்கிலக் கதைகளுக்குள் போன வழி நமக்குத் தெரியும். தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் கொலைகாரர்களை ஒழிக்க 1830களில் வில்லியம் ஸ்லீமன் என்னும் ஆங்கிலேய அதிகாரி நடத்திய வேட்டையும், 1836இல் தொடங்கி வரிசையாக வந்த சட்டங்களும் அதற்கு அடித்தளம். வழிப்பறிக் கொலைகள் நடந்தது உண்மை. ஆனால் நாடு முழுவதும் பரவிய ஒரே இரகசிய மதக் கூட்டம் அவற்றைச் செய்தது என்பதை இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. அந்தச் சட்டங்களின் கீழ், ஒருவன் குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தான் என்று நிறுவ வேண்டிய தேவை இல்லை. அவன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டினாலே தண்டிக்கலாம். ஆட்ட நூல்களில் வரும் மாந்திரீகக் கூட்டத்தின் அடியாட்களை நாயகர்கள் கேள்வி கேட்காமல் அடித்துப் போடுகிறார்களே, அதே தருக்கம்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. உசிலம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் பிறமலைக் கள்ளர்கள் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். கைரேகை பதிய மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பிறப்பினாலேயே ஒருவன் ஒரு குற்றக் கூட்டத்தின் உறுப்பினன் என்பது எங்கள் ஊர்களில் கற்பனைக் கதை ஆகாது. அது அரசாங்கப் பதிவேட்டில் இருந்தது, சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நீக்கப்பட்டது. ஆகவே "இந்தக் குலத்தார் தலைமுறை தலைமுறையாக இருட்டுத் தெய்வத்துக்கு ஊழியம் செய்கிறார்கள்" என்று ஒரு வில்லன் அமைப்பை மதுரையில் வைக்கும்போது, கேட்பவர்களில் யாருக்கு என்ன நினைவுக்கு வரும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

அதற்காக, மாந்திரீகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்வினை, ஏவல், வசியம் என்று எங்கள் பாட்டிமார்களே கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதைகளில் பயப்பட வேண்டியவனாக வருபவன் பெரும்பாலும் சாமியாடி இல்லை. சாமியாடி ஊர் நடுவில், எல்லார் கண் முன்னாலும் நிற்பவர், மறுநாள் காலையில் அவரே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். பயப்பட வேண்டியவன், பங்காளியின் நிலத்தின் மீது கண் வைத்துக்கொண்டு, வெளியூருக்குப் போய்ப் பணம் கட்டிச் செய்வினை வைத்துவிட்டு வருகிற சொந்தக்காரன். பணம் கட்டுகிறவனும் வாங்குகிறவனும் உங்கள் கதையில் எங்கே என்று தேடுங்கள். கூட்டம் அங்கேதான் இருக்கும்.

பழைய ஏடு எழுதியது:

நண்பர்கள் மன்னிக்க வேண்டும். மதுரைக்கு மாந்திரீக வில்லன் கூட்டம் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 22ஆவது படலமான யானை எய்த படலத்தை எடுத்துப் பாருங்கள். காஞ்சியிலிருந்து ஆண்ட சோழன், பாண்டியனைப் போரில் வெல்ல முடியாமல், எட்டு மலைகளில் இருந்த சமணர் எண்ணாயிரவரை அழைத்து பகைவனை அழிப்பதற்கான அபிசார வேள்வி செய்யச் சொல்கிறான். வேள்வியிலிருந்து ஒரு யானை எழுந்து மதுரையை நோக்கி வருகிறது, சோமசுந்தரர் வேடுவராக வந்து அம்பு எய்கிறார், யானை மலையாகிவிடுகிறது. 28ஆவது படலத்தில் நாகமும், 29ஆவதில் மாயப் பசுவும் அவ்வாறே ஏவப்படுகின்றன. மேலூர்ச் சாலையில் ஆனைமலையையும், மேற்கே நாகமலையையும், திருப்பரங்குன்றம் போகும் வழியில் பசுமலையையும் இன்றும் பார்க்கிறோம். கிளைகள், கூலிக்கு அமர்த்தும் புரவலன், ஏவப்படும் பூதம் என்று ஒரு மாந்திரீகக் கூட்டத்துக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

ஆனால் உசிலை வாசகி அவர்களின் எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். இந்தக் கதை வென்றவர்கள் சொன்னது. அதே ஆனைமலையின் பாறையில் மகாவீரரும் பாகுபலியும் அமைதியாக நிற்கும் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் இருக்கின்றன. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட துறவிகளைத்தான் புராணம் ஏவல் வைப்பவர்களாக்கியது. அதை அப்படியே எடுத்து ஆடினால் ஒரு பழைய பழியை இன்னொரு முறை பாடியவர்களாவோம்.

நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது ஒன்றைத்தான். ஏவல் தோற்றால் மறைவதில்லை, மலையாகிக் கிடக்கிறது. உங்கள் ஆட்டத்தில் நாயகர்கள் வீழ்த்தும் ஒவ்வொரு பூதமும் ஊரின் வரைபடத்தில் ஒரு மேடாக, குளமாக, மூடிக்கிடக்கும் தெருவாகத் தங்கட்டும். ஆறு மாதம் கழித்து ஆட்டக்காரர்கள் பேருந்தில் போகும்போது, "அது நாம் அடித்தது" என்று சொல்லிக்கொள்வார்கள். தங்கிவிட்ட மேட்டின் மீது வீட்டுமனை போட்டு விற்கத் துடிப்பவர்களும் இந்த ஊரில் உண்டு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாசிவீதிக் கணக்கன் எழுதியது:

உசிலை வாசகி அவர்கள் பணம் கட்டுகிறவனைத் தேடச் சொன்னார்கள். நான் இருபது ஆண்டுகளாகக் கீழமாசி வீதிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த மிகப் பயங்கரமான இரகசியக் கூட்டத்தின் வடிவம் ஏலச்சீட்டு. ஒழுங்காக நடத்துபவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், வடிவத்தைத்தான் சொல்கிறேன்.

இருபது பேர் சேர்ந்த ஒரு சீட்டு. மாதம் ஒரு முறை, அமாவாசை இரவில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஏலம். அவர்கள் கட்டுவது ரூபாய் இல்லை. தம்மிடம் உள்ள விலைமதிப்பற்ற ஒன்று. முதல் மாதம் அப்பத்தாவின் குரல் நினைவு, அடுத்த மாதம் உப்பின் சுவை, அதற்கு அடுத்த மாதம் மகளின் முகம் என்று ஒவ்வொருவரும் கட்டிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஆட்டத்தின் கணக்கில், அதாவது ஒரு பாத்திரம் தன் சக்திகளை வாங்கும் புள்ளிக் கணக்கில், 10 புள்ளி என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 200 புள்ளி திரளும். அதை ஒருவர் எடுக்கலாம். எடுப்பதற்கு ஏலத்தில் தள்ளிக் கேட்க வேண்டும், அதாவது அந்த 200இல் எவ்வளவை விட்டுக்கொடுப்பார் என்று சொல்ல வேண்டும்.

முதல் மாதத்தில் அவசரக்காரர்கள் பலர் இருப்பார்கள். மருத்துவச் செலவு, வழக்கு, பழிவாங்கும் வெறி என்று ஏதோ ஒன்று கழுத்தைப் பிடித்திருப்பதால் ஒருவர் 60 தள்ளிக் கேட்டு 140 புள்ளியோடு எழுந்து போகிறார். தள்ளிய 60இல் சீட்டு நடத்துபவருக்குக் கழிவு, மொத்தச் சீட்டான 200க்கு 5 சதவீதம், அதாவது 10. மீதி 50ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு இரண்டரை. நாயகர்கள் வலிமையின் பத்தாம் நிலையில் 150 புள்ளியோடு தொடங்குவதால், முதல் மாத வில்லன் அவர்களில் ஒருவரைவிடச் சற்றே இளைத்தவனாக இருப்பான். மாதங்கள் போகப் போக அவசரக்காரர்கள் குறைவார்கள், தள்ளும் குறையும். கடைசியாக எடுப்பவருக்குப் போட்டியே கிடையாது என்பதால் கழிவு போக 190 கிடைக்கும். நிலைக்கு 15 புள்ளி என்ற கணக்கில் ஒன்பதாம் நிலையில் தொடங்கும் வில்லன்கள் பன்னிரண்டாம் நிலையில் முடிகிறார்கள். நீங்கள் எதையும் செயற்கையாக ஏற்ற வேண்டியதில்லை, சீட்டே ஏற்றிவிடும். கடைசி வரை காத்திருக்கும் அளவுக்குப் பொறுமை உள்ளவன் எப்படிப்பட்டவன் என்பதை நான் விவரிக்கவில்லை.

இப்போது சீட்டு நடத்துபவரைப் பாருங்கள். அவர் யாரோடும் சண்டை போடுவதில்லை, யாரையும் ஏவுவதில்லை. நோட்டில் வரவு வைத்துவிட்டு எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுக்கிறார். மாதம் 10 புள்ளி வீதம் இருபது மாதம் முடியும்போது அவரிடம் 200 இருக்கும். நாயகர்கள் மாதத்துக்கு ஒரு வில்லனைத் துரத்திக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவர் அந்த மாடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

கழுத்தை இறுக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. சீட்டு எடுத்தவர் எடுத்த பிறகும் மீதி மாதங்களுக்குக் கட்ட வேண்டும். கட்டாமல் போனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரிடம் வசூலிப்பார்கள். நாயகர்கள் ஒரு வில்லனைப் பிடித்துச் சிறையில் போட்டால் அவன் தவணை நின்றுவிடும். அன்று இரவே, ஒரு பாவமும் அறியாத அவனுடைய தங்கை வீட்டுக்காரர் கண்ணாடியில் தன் முகத்தை அடையாளம் தெரியாமல் நிற்பார். பிடித்த வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர்களுக்கு அதைத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

விளாங்குடிக்காரன் எழுதியது:

கணக்கன் ஐயா, படித்துவிட்டுச் சற்று நேரம் மொட்டை மாடியில் நடந்துவிட்டு வந்தேன். எங்கள் அம்மா இரண்டு சீட்டுக் கட்டுகிறார். அவரிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

இரண்டு ஐயங்கள் உள்ளன. நான் இன்னும் பத்து அமர்வுகள்தான் நடத்த முடியும். அதன் பிறகு இருவர் வேலைக்காக வெளியூர் போகிறார்கள். இருபது மாதச் சீட்டை எப்படிச் சுருக்குவது? அடுத்து, நாயகர்கள் இது சீட்டு என்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒவ்வொரு வில்லனும் தனித்தனி ஆளாகத்தானே தெரிவான்?

மாசிவீதிக் கணக்கன் எழுதியது:

பத்துப் பேர், ஆளுக்கு 20 புள்ளி என்று மாற்றிவிடுங்கள். மொத்தம் அதே 200தான். ஆனால் 5 சதவீதக் கழிவில் நடத்துபவருக்குப் பத்து மாதத்தில் 100 மட்டுமே சேரும். ஐந்து நாயகர்களுக்கு முன்னால் அது போதாது. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டத்துக்கு 2019இல் வந்த திருத்தம் கழிவின் உச்சவரம்பை 5இலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியிருக்கிறது. நம் ஆள் சட்டத்தை மதிப்பவர் என்பதால் 7 எடுத்துக்கொள்வார். மாதம் 14, முடிவில் 140. அவரும் ஓர் உறுப்பினராகப் பினாமி பெயரில் கடைசிச் சீட்டைப் பிடித்து வைத்திருந்தால் அதற்கு மேல் 186. அதற்குப் பிறகு அடிதடியில் அவரை வெல்வது கடினம். நோட்டைக் கைப்பற்றுவதுதான் வழி.

பகடைச்சித்தன் எழுதியது:

கண்டுபிடிப்புக்கு, இத்தகைய ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் பரப்பிய மூன்று தடய விதியைப் பின்பற்றுங்கள். ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்களை வைக்க வேண்டும். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது கைகொடுக்கும். எல்லா வில்லன்கள் வீட்டிலும் ஒரே அட்டை போட்ட சீட்டுப் புத்தகம் கிடைக்கலாம். எல்லாரும் அமாவாசைக்கு மறுநாள் எதையோ மறந்தவர்களாக இருக்கலாம். பிடிபட்டவனின் மனைவி, "இந்த மாதம் கட்டவில்லையே" என்று வில்லனுக்காக அழாமல் வேறு யாருக்காகவோ அழலாம்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விதிகளில் தாக்கும் திறனும் தாக்கத்தின் அளவும் சேர்ந்து நிலையின் இருமடங்கைத் தாண்டக் கூடாது. ஆகையால் புள்ளி கூடும்போது நிலையையும் கூடவே உயர்த்துங்கள். இல்லையென்றால் 186 புள்ளி வைத்திருப்பவர் பத்து மொழி பேசுவார், அடி மட்டும் முன்னைப் போலவே விழும்.

உசிலை வாசகி எழுதியது:

ஒரு வேண்டுகோள். ஜாமீன் போட்டவர்கள் முகம் இழந்து நிற்கும்போது நாயகர்கள் யாரிடம் போவார்கள்? மருத்துவமனையில் விடை கிடைக்காது. இழந்ததைத் திரும்பக் கேட்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பார். ஆடி மாதத்தில் அவரைப் பார்க்க வரிசை நிற்கும். அவருக்கு உங்கள் பழைய வில்லனின் உடுக்கையைக் கொடுத்துவிடலாம்.

விளாங்குடிக்காரன் எழுதியது:

நேற்று இரவு நண்பனைப் பார்த்துச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். வாசகி அவர்கள் சொன்ன பாத்திரத்தைப் பற்றிச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, உடுக்கையை இடக் கையில் பிடித்து வலக் கையால் அடிக்க வேண்டும், நான் அன்றைக்குக் கையை மாற்றிக் காட்டினேன் என்று திருத்தினான். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வருகிறானாம். அந்தப் பாத்திரம் பேச வேண்டிய இடங்களில் நான் பேசக் கூடாது, தானே பேசுவேன் என்பது அவன் நிபந்தனை.

முதல் மாதம் சீட்டு எடுப்பவராக, பேரனின் அறுவைச் சிகிச்சைக்காக 60 தள்ளிக் கேட்கும் ஓர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரை வைத்திருக்கிறேன். அவர் கட்டியது வாய்ப்பாடு.